மயக்க டாக்டரிடம் மறைக்கலாமா?



ஆபரேஷன் என்று முடிவானதும் நம் வீடுகளில் என்னென்ன கேட்கிறோம்? "எந்த டாக்டர் செய்றாரு? கைராசிக்காரரா? எத்தனை நாள் ஆஸ்பத்திரியில இருக்கணும்? முதலமைச்சர் காப்பீட்டுல சேருமா?" இத்தனையும் கேட்கிற நாம், "மயக்க மருந்து கொடுக்கிறது யாரு?" என்று மட்டும் கேட்பதே இல்லை. அவர் ஒரு ஊசியைப் போட்டுவிட்டுப் போய்விடுகிறவர் என்றுதான் பலருக்கும் நினைப்பு.

எங்கள் தூத்துக்குடிக் கடலில் 1961 வரை முத்துக்குளிப்பு நடந்தது. கல்லைக் கட்டிய கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மூச்சடக்கிக் கடலடிக்குப் போகிறவரின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்திருப்பவர் கையில். அந்தக் கயிற்றை மச்சினன் கையில்தான் கொடுப்பார்கள் என்று இங்கே பெரியவர்கள் சொல்வார்கள். கூடப் பிறந்தவளின் தாலிக்கு அவனைவிட யார் காவல்! ஆபரேஷன் தியேட்டரில் அந்தக் கயிறு மயக்க டாக்டர் கையில் இருக்கிறது. ஒரு டாக்டர் அறுத்துத் தைக்கிறார். அது முடிகிற வரை நம் தலைமாட்டில் நின்று மூச்சு, நாடி, ரத்த அழுத்தம் மூன்றையும் கவனிப்பவர் இன்னொரு டாக்டர்.

மயக்க மருந்து இல்லாத காலத்தை நினைத்தாலே குலை நடுங்குகிறது. 1811-ல் ஃபேனி பர்னி என்ற ஆங்கில எழுத்தாளருக்குப் பாரிசில் மார்பகத்தை அகற்றினார்கள். முழு நினைவோடு அந்த வேதனையை அனுபவித்த அவர், பிறகு அதைத் தன் அக்காவுக்குக் கடிதமாக எழுதி வைத்திருக்கிறார். 1846 அக்டோபர் 16-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மார்ட்டன் என்ற பல் டாக்டர், ஈதர் என்ற மருந்தின் ஆவியை முகரவைத்து, வலி தெரியாமல் கழுத்துக் கட்டியை எடுக்க உதவினார். அடுத்த வருஷமே ஈதர் கல்கத்தாவுக்கும் வந்துவிட்டது. இந்தத் துறையில் நம் நாட்டுப் பெண்ணுக்கும் பெரிய இடம் உண்டு. ஹைதராபாத்தில் படித்த ரூபாபாய் ஃபர்தூன்ஜிதான் உலகின் முதல் பெண் மயக்க மருந்து நிபுணர் என்று சொல்லப்படுகிறார்.

மயக்கம் என்று நாம் பொதுவாகச் சொன்னாலும் அதில் மூன்று வகை இருக்கிறது. பல் பிடுங்கும்போது அந்த இடத்தை மட்டும் மரத்துப்போக வைப்பது ஒன்று. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைப்பது இரண்டாவது. சிசேரியனுக்கு அநேகமாக இதுதான். நாம் முழித்துக்கொண்டே இருப்போம், பிள்ளையின் முதல் அழுகையையும் கேட்கலாம். மூன்றாவது முழு மயக்கம். இதில் நினைவும் இருக்காது, வலியும் தெரியாது. பல ஆபரேஷன்களுக்குத் தசைகளைத் தளர்த்தவும் மருந்து கொடுப்பார்கள். அப்போது மூச்சு விடுகிற தசைகளும் ஓய்ந்துவிடும். தொண்டை வழியே குழாய் வைத்து, மெஷின்தான் நமக்காக மூச்சு விடும். இந்த நிலையில் ஒருவரைக் கொண்டுபோய், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவருகிறவர்தான் மயக்க டாக்டர். அப்படிப்பட்டவரிடம் நாம் எதையாவது மறைக்கலாமா?

சமீபத்தில் என் மதினிக்குக் கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன். நான்தான் துணைக்கு இருந்தேன். காலை எட்டு மணிக்குத் தியேட்டர், ராத்திரி பத்து மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். விடியற்காலையில் நான் மாத்திரை வாங்கக் கீழே போயிருந்த நேரம், பக்கத்துப் பெட் ஆச்சி ஃபிளாஸ்க்கோடு வந்திருக்கிறார். "பாவம், வெறும் வயித்தோட கெடக்காளே! ஒரு வாய் காப்பிதானளா, என்ன ஆயிரப் போவுது?" ஆச்சிக்கு நல்ல மனசுதான். மதினியும் தட்ட முடியாமல் அரை டம்ளர் பால் காப்பி குடித்துவிட்டாள்.

ஏழரை மணிக்கு மயக்க டாக்டரம்மா வந்து, "காலையில எதுவும் குடிக்கலையேம்மா?" என்று கேட்டார். மதினி ஒரு நிமிஷம் முழித்தாள். பிறகு, "ஆறு மணிக்கு அரை டம்ளர் காப்பி குடிச்சேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், ஆபரேஷன் மத்தியானத்துக்குத் தள்ளிப்போனது. எங்கள் அண்ணனுக்கு வந்ததே கோபம்! "லீவு போட்டுட்டு வந்திருக்கேன். இதைப் போய் வாயைத் தொறந்து சொல்லணுமா?"

டாக்டரம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பொறுமையாக விளக்கினார். "நமக்குப் புரையேறினா இருமுவோம். அது உடம்பு தானா செய்யுற காவல். மயக்கத்துல அந்தக் காவல் இருக்காது. வயித்துல இருக்கிறது மேலே எழும்பி நுரையீரலுக்குள்ள போயிட்டா, அதுல உள்ள புளிப்பு அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கிரும். உயிருக்கே ஆபத்து. நாலு மணி நேரம் காத்திருக்கிறதா, இல்ல அந்த ஆபத்தா? நீங்களே சொல்லுங்க." அண்ணன் அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. மத்தியானம் ஒரு மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது.

பொதுவான கணக்கு இதுதான்: ஆபரேஷனுக்கு முன் ஆறு மணி நேரம் சாப்பாடு கூடாது. எண்ணெய்ப் பலகாரம், கறி என்றால் எட்டு மணி நேரம். பால் கலந்த காப்பி, டீ எல்லாம் சாப்பாட்டுக் கணக்கில்தான் சேரும். வெறும் தண்ணீரைப் பெரும்பாலும் இரண்டு மணி நேரம் முன்பு வரை அனுமதிப்பார்கள். கைக்குழந்தைக்குத் தாய்ப்பால் என்றால் நாலு மணி நேரம். ஆனாலும் உங்கள் டாக்டர் சொல்கிற நேரமே உங்களுக்குச் சட்டம். அவசர ஆபரேஷன் என்றால் நிறைந்த வயிற்றோடு வருகிறவர்களுக்கும் மயக்கம் கொடுக்க அவர்களுக்கு முறை இருக்கிறது. கடைசியாக எப்போது, என்ன சாப்பிட்டோம் என்பது மட்டும் அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

காப்பி மட்டுமல்ல, நாம் மறைக்கிற விஷயங்கள் இன்னும் எத்தனையோ! வெற்றிலையோடு புகையிலை போடுவதை மருமகள் முன்னால் சொல்ல மாமியாருக்குக் கூச்சம். வீஸிங், வலிப்பு இருப்பதைச் சொன்னால் பேச்சு வெளியே பரவும் என்று பயம். நாள் தள்ளிப்போயிருப்பதைச் சொல்லத் தயக்கம். பிரஷர், சுகர், தைராய்டு மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கப் போடுகிற மாத்திரை, நாட்டு மருந்து, லேகியம் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு டாக்டரிடம் அப்படியே காட்டிவிடுங்கள். சிலதை ஆபரேஷன் அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வார்கள். சிலதைச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். நாமாக முடிவு செய்யக் கூடாது.

குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தால் தொந்தரவு வந்திருந்தால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். தசை தளர்த்தும் ஒரு மருந்தைக் கரைக்கிற சத்து, சிலருடைய ரத்தத்தில் பரம்பரையாகவே குறைவாக இருக்குமாம். சில நிமிஷத்தில் தெளிய வேண்டியவர்கள், மணிக்கணக்கில் தானாக மூச்சு விட முடியாமல் கிடப்பார்கள். முன்பே தெரிந்தால் டாக்டர் வேறு மருந்தை எடுத்துக்கொள்வார்.

ஆடுகிற பல்லும் பல் செட்டும் குழாய் வைக்கும்போது கழன்று உள்ளே போகக்கூடும், அதனால் சொல்லிவிட வேண்டும். விரலில் மாட்டும் கருவி, கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கினோமே, அதுதான், நகம் வழியாக ஒளியைச் செலுத்தி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைப் பார்க்கும். நகப்பூச்சு அதைக் குழப்பும். மூக்குத்தி, மெட்டி, தாலிச் சங்கிலியைக் கழற்றச் சொன்னால் மனசு கஷ்டப்படும்தான். ஆனால் ரத்தக் கசிவை நிறுத்த மின்சாரத்தால் சுடும்போது, உலோகம் பட்ட இடத்தில் தோல் வெந்துபோக வாய்ப்பு உண்டு. மதினி மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கைக் கட்டிப் போட்டுக்கொண்டாள். யாரும் தடுக்கவில்லை.

கடைசியாக ஒரு பெரிய புகார். "சிசேரியனுக்கு முதுகுல போட்ட ஊசிதான், இன்னிக்கும் இடுப்பு வலிக்குது!" இதைச் சொல்லாத தெரு இல்லை. ஊசி போட்ட இடத்தில் சில நாள் வலி இருக்கலாம். ஆனால் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆராய்ச்சிகளில், வருஷக்கணக்கான இடுப்பு வலி இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது. வயிற்றுச் சுமை, குனிந்து பால் கொடுப்பது, பிள்ளையை இடுப்பில் தூக்குவது, ஓய்வில்லாத வீட்டு வேலை, காரணம் இவைதான். பழியைப் போடுவதோ ஊசி மேல்! உண்மையாக வரக்கூடியது தலைவலி. எழுந்து உட்கார்ந்தால் கடுமையாக வலிக்கும், படுத்தால் குறையும். 1898-ல் இந்த முறையைக் கொண்டுவந்த ஜெர்மன் டாக்டர் பியர், தன் முதுகிலேயே போட்டுப் பார்த்து அந்தத் தலைவலியால் படுத்துவிட்டார்! இப்போது மெல்லிய ஊசி வந்துவிட்டதால் அது வெகுவாகக் குறைந்துவிட்டது. வந்தால் பொறுத்துக்கொண்டு கிடக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள், வைத்தியம் இருக்கிறது.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் மயக்க டாக்டர் வந்து கேள்வி மேல் கேள்வி கேட்டால், "இவருக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று சலித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு இருக்கிற சந்தேகத்தையும் அவரிடமே கேளுங்கள். துணைக்குப் போகிறவர்களும் பக்கத்துப் பெட்டுக்காரருக்கு அன்பாகக் காப்பி நீட்டும் முன், "உங்களுக்கு இன்னிக்கு ஆபரேஷனா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

- ஒரு வாசகி, தூத்துக்குடி