கிராம வாலிபரும் காலை வண்டியும்

ஒரே நிலம் பாகப்பிரிவினையால் துண்டுபட்டு, ஒரு துண்டுக்குப் போய்வர வழியே இல்லாமற் போனால், அதற்குரியவன் மற்றத் துண்டின் வழியே நடக்க உரிமையுண்டு என்று 1882-ஆம் வருஷத்து ஈஸ்மெண்ட் சட்டம் கூறுகிறது. போக வழியில்லாத சொத்து சொத்தாகாது என்பதே அதன் தத்துவம். இத்தத்துவத்தை நமது மதுரை ஜில்லாக் கிராம வாலிபர்களின் விஷயத்தில் பொருத்திப் பார்க்க விரும்புகிறோம்.

அவர்களுக்குச் சொத்துக் குறைவில்லை. கோ. புதூரில் அரசினர் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. திருமங்கலத்தருகே கப்பலூரில் தொழிற்பேட்டை இருக்கிறது. சர்க்கார் பயிற்சி நிலையங்களில் சேர்வோருக்குச் சைக்கிள், சீருடை, புத்தகம், இலவச பஸ் பாஸ், மாதம் 750 ரூபாய் உதவிப் பணம் என்று ஏற்பாடுகள் செய்யப்பட்டன. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் சாதாரண நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமே நீக்கப்பட்டது. இவையாவும் நல்ல காரியங்கள். இவற்றைக் குறைகூற நாம் முன்வரவில்லை. ஆனால் கட்டணம் தடைகளில் ஒன்றேயன்றி முழுத் தடையுமன்று. வராத வண்டிக்கு இலவசச் சீட்டு இருந்தென்ன பயன்?

உண்மைத் தடை நேரத்தில் இருக்கிறது. பட்டறையில் மணி அடிப்பது குறித்த வேளையில். தொழிற்சாலையில் ஷிப்டு மாறுவதும் குறித்த வேளையில். சேடபட்டிப் பக்கத்து உட்கிராமத்து வாலிபன் கப்பலூருக்கு வரவேண்டுமாயின் வழியில் வண்டி மாற வேண்டும். முதல் வண்டி ஐந்து நிமிஷம் பிந்தினால் அடுத்தது தவறும். அடுத்தது தவறினால் அரை நாள் கூலி போகும். இரவு ஷிப்டு முடிந்தபின் ஊருக்கு வண்டியில்லை எனில், பெண் மக்களை வேலைக்கனுப்பப் பெற்றோர் துணிவரோ? ஆகவே, எந்த ஆலையின் வேன் ஊருக்குள் வருகிறதோ அந்த ஆலை வேலையே தலையெழுத்து என்றாகிவிடுகிறது. தொழிலை வாலிபன் தேர்ந்தெடுக்கவில்லை, வேன் தேர்ந்தெடுக்கிறது.

இதற்கு ரயில் சரித்திரமே போதிய சாட்சி. 1928-இல் திறக்கப்பட்ட மதுரை-போடி மீட்டர்கேஜ் பாதை, அகலப்பாதையாக்கும் பொருட்டு 2010-ஆம் வருஷக் கடைசியில் மூடப்பட்டது. 2022 மே மாதத்தில்தான் தேனி வரையிலும், 2023 ஜூன் மாதத்தில்தான் போடி வரையிலும் வண்டி திரும்ப ஓடியது. 2010-இல் உசிலம்பட்டியில் முதல் வகுப்பில் சேர்ந்த சிறுவன், ரயில் திரும்பி வருமுன் பள்ளியிறுதி வகுப்பையே எட்டிவிட்டான். திரும்பி வந்த வண்டியேனும் அவனுக்கு உதவிற்றா? காலையில் மதுரையை விட்டுத் தேனிக்குப் போய், மாலையில் தேனியை விட்டு மதுரைக்குத் திரும்பும் முறையிலேயே அது 2022-இல் விடப்பட்டது. மேற்கே உத்தியோகம் பார்க்கப் போகும் நகரவாசிக்கு அது மெத்த உபகாரம். நகருக்கு வேலை தேடி வரவேண்டிய உசிலம்பட்டி வாலிபனுக்கோ, காலை வண்டி எதிர்த்திசையில் போயிற்று. பாதைக்குப் பெரும்பொருள் செலவிட்டவர்கள், யார் எப்போது எங்கே போகிறார்கள் என்று கேட்கச் சிறிது சிரமம் எடுத்திருக்கலாகாதா?

வழி காணாத விஷயமன்று இது. அண்டையிலுள்ள புதுக்கோட்டையில் 1991-இல் அறிவொளி இயக்கத்தார் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் கற்பித்தார்கள். பஸ் நிற்காத ஊர்ப் பெண்கள் தங்கள் காலாலேயே தங்கள் வேளையைத் தீர்மானிக்கத் தொடங்கினர். இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில், வேலைக்கோ பயிற்சிக்கோ செல்லும் இளைஞருக்குச் சிறு மோட்டார் சைக்கிளைக் குறைந்த வாடகைக்குக் கொடுத்துதவும் சங்கங்கள் தோன்றின. நம் மாகாணத்திலேயே 1997-இல் மினி பஸ் திட்டம் பிறந்தது. 2025-இல் அது விரிவாக்கப்பட்டது. ஆனால் மினி பஸ் முதலாளி லாபமுள்ள நடையை ஓட்டுவார். கூட்டமில்லாத விடியற்காலை நடையைத் தாமே விரும்பி ஓட்டுவார் என்று எதிர்பார்ப்பது பேதைமை. அதனைப் பெர்மிட்டின் நிபந்தனையாக்க வேண்டும். நஷ்டம் நேரின் சர்க்கார் ஈடுசெய்ய வேண்டும்.

நாம் கேட்பவை மூன்று. பயிற்சி நிலையத்தின் மணியையும் தொழிற்பேட்டையின் ஷிப்டையும் முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டு பஸ் நேரங்களை அமைக்க வேண்டும். காலையில் உசிலம்பட்டியிலிருந்து மதுரையை நோக்கியும், மாலையில் மதுரையிலிருந்து மேற்கு நோக்கியும் ரயில் ஓட வேண்டும். கப்பலூர் முதலாளிகள் தனித்தனியே வேன் அனுப்புவதை விடுத்து, எந்தத் தொழிற்சாலைக்குப் போகிறவரும் ஏறக்கூடிய பொது வண்டியைக் கூட்டாக நடத்த வேண்டும்.

கோரிக்கை பத்திரிகையோடு நின்றால் பயனில்லை என்பதை நம் வாசகர்களான ஊழியர்கள் அறிவார்கள். ஜனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 முதலிய தினங்களில் கிராம சபை கூடுகிறது. அதற்கு முன்னரே தெருத்தெருவாகச் சென்று, எத்தனை வாலிபர், எந்த இடத்துக்கு, எத்தனை மணிக்குச் சேர வேண்டும் என்று பெயரோடு ஜாபிதா எடுங்கள். அதைத் தீர்மானத்தோடு சேர்த்துக் கலெக்டருக்கு அனுப்புங்கள். 'எங்கள் ஊருக்கு பஸ் வேண்டும்' என்ற மனுவுக்குப் 'பரிசீலிக்கப்படும்' என்று பதில் எழுதுவது எளிது. 'எங்கள் ஊரார் முப்பத்திரண்டு பேர் எட்டு மணிக்குக் கப்பலூரில் நிற்க வேண்டும்' என்ற மனுவுக்கு அவ்வாறு பதில் எழுத முடியாது.