மலை தாங்கும் கூட்டம்

பன்னாட்டு இளைஞர் முகாம் ஒன்றின் சூழல் தடம் என்பது, அது எரிக்கும் எரிபொருள், செலவிடும் நீர், விட்டுச்செல்லும் கழிவு, மிதித்து இறுக்கும் மண் ஆகியவற்றின் மொத்தச் சுமையாகும். மலேசியாவின் பகாங் மாநிலத்திலுள்ள கேமரன் மலையில், தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே அத்தகைய முகாமை நடத்த எண்ணுவோர் முதலில் மண்ணைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் தேக்கமான ரிங்லெட் ஏரி, மேட்டு நிலங்களில் காடு வெட்டப்பட்டுக் காய்கறிப் பண்ணைகளும் கட்டடங்களும் பெருகியதால், மழைதோறும் வந்து படியும் வண்டலால் தூர்ந்துகொண்டே இருக்கிறது. 2013 அக்டோபர் 23 அன்று பெருமழையில் நிரம்பிய அணையிலிருந்து நீர் திறந்துவிடப்பட்டபோது, பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் புகுந்து உயிர்களைப் பறித்தது. ஏரிக்கு மேலுள்ள சரிவொன்றில் புல்லை அகற்றிக் கூடாரத் திடல் அமைத்தால், அந்த மண்ணும் ஏரியில்தான் வந்துசேரும்.

ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் தொடங்கிய 'போ' தோட்டத்தைப் போன்ற பழைய தேயிலைச் சரிவுகளில், இடுப்புயரச் செடிகள் கிளையோடு கிளை கோத்து நிலத்தை மூடி நிற்கின்றன. கவாத்து வெட்டிய கிளைகளை நிரைகளுக்கிடையே பரப்பிவிட்டால், அவை மழைத்துளியின் அடியைத் தாங்கி மண்ணைக் காக்கின்றன. இத்தோட்டங்களுக்காகவும் காடு அழிந்தது உண்மையே. ஆயினும் தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாகப் பேணிய இந்த மண்மூடியைக் கூட்டம் மிதித்துக் கலைக்கக் கூடாது. பிரிஞ்சாங் மலையுச்சியின் பாசிக்காடு இன்னும் மென்மையானது. மூடுபனியின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும் அதன் கரிய மட்கு மண் காலடி பட்டால் இறுகிவிடும் என்பதால், சிறு குழுக்களாக, மரப்பலகைப் பாதையில் மட்டுமே நடக்க வேண்டும்.

முகாமின் கரிம வெளியேற்றத்தில் பெரும்பங்கு வானூர்திப் பயணத்துக்கே உரியது. சென்னையிலிருந்து கோலாலம்பூருக்கே ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர் என்னும்போது, தொலைநாட்டினர் தத்தம் வட்டாரத்தில் கூடி இணையவழி கலந்துகொள்வதே தகும். வந்திறங்குவோர் ஈப்போ வரை மின்தொடர்வண்டியிலும், அங்கிருந்து சிம்பாங் பூலாய் வழியாகப் பொதுப்பேருந்திலும் வரலாம். சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக் குறுகிய சாலை தனித்தனிக் கார்களைத் தாங்காது.

2023 ஆகஸ்டில் தென்கொரியாவின் சேமாங்கம் பகுதியில், கடலைத் தூர்த்து உருவாக்கிய நிழலற்ற நிலத்தில் கூடிய உலகச் சாரணர் பெருமுகாம், 40,000க்கும் மேற்பட்டோரை முதலில் வெயிலுக்கும் பிறகு புயல் அச்சத்துக்கும் உள்ளாக்கி, இறுதியில் இடம்பெயர வைத்தது. ஆட்களை முதலில் அழைத்துவிட்டு அவர்களுக்கேற்ற நிலத்தைத் தேடும் முறை கேமரன் மலைக்கு ஒவ்வாது. தானா ராத்தா, பிரிஞ்சாங் நகரங்களில் ஏற்கெனவே உள்ள விடுதிகளிலும் பள்ளி மண்டபங்களிலும் எத்தனை படுக்கைகள், எத்தனை கழிப்பறைகள், அவற்றின் கழிவுநீரைச் சுத்திகரிக்க எவ்வளவு வசதி என்று எண்ணிப் பார்த்து, அதன்பிறகே அழைப்பிதழ்களின் எண்ணிக்கையை முடிவுசெய்ய வேண்டும்.