கப்பலில் நேர்ந்த காயமும் ஒரு வழக்கறிஞரின் கேள்வியும்

சில ஆண்டுகளுக்கு முன்பு என் புறநோயாளர் அறைக்கு வழக்கறிஞர் ஒருவர் வந்தார். நான் எழுதிய சான்றிதழ் ஒன்றின் நகல் அவர் கையில் இருந்தது.

“டாக்டர், வலக்கையில் 30 விழுக்காடு நிரந்தரத் திறனிழப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். கணக்கில் பிழை இருப்பதாக நான் சொல்லவில்லை. ஆனால் இந்த மனிதரால் இனிக் கயிற்றை இறுகப் பிடிக்க முடியுமா?”

“முடியாது, சார்.”

“கப்பலின் ஏணியில் ஏற முடியுமா?”

“அதுவும் முடியாது.”

“இவை இரண்டும் சான்றிதழில் எங்கே இருக்கின்றன?”

எங்கும் இல்லை. மறுவாழ்வு மருத்துவத்தில் பட்டமேற்படிப்பு முடித்துப் பல ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்விக்கு நான் தலைகுனிய நேர்ந்தது.

நோயாளி தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த மாலுமி. வெளிநாட்டுக் கொடி ஏற்றிய சரக்குக் கப்பலில் மேல்தளப் பணியாளர். அயல்நாட்டுத் துறைமுகமொன்றில் கப்பலைத் துறைமேடையோடு பிணைக்கும்போது, தடித்த கயிற்றுக்கும் அதைச் சுற்றியிழுக்கும் வின்ச் உருளைக்கும் நடுவே வலக்கை சிக்கியது. இரண்டு விரல்களை அங்கேயே அகற்றிவிட்டார்கள். எஞ்சிய விரல்களில் தசைநார்கள் ஒட்டிக்கொண்டு கை மடங்காத நிலையில் எங்களிடம் வந்தார். ஐந்து மாதப் பயிற்சியில் சட்டைப் பொத்தான் போடவும் சோறு பிசைந்து உண்ணவும் கற்றுக்கொண்டார். அது எங்களுக்குப் பெரிய வெற்றியாகத் தெரிந்தது. கடலில் வேலை செய்யும் ஒருவருக்கு அது போதாது என்பதை வழக்கறிஞர்தான் எனக்கு உணர்த்தினார்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. வழக்கறிஞர்கள் தங்களை விளம்பரப்படுத்திக்கொள்ளவோ பிறர் வழியாக விளம்பரம் தேடவோ இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் விதிகள் அனுமதிப்பதில்லை. அவரும் பெயர் வேண்டாம் என்றார். பத்தாண்டுகளுக்கும் மேலாகக் கப்பல்களில் மரைன் இன்ஜினியராகப் பணிபுரிந்தவர். கரைக்குத் திரும்பிய பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பை முடித்து, சென்னை உயர் நீதிமன்றத்தில் கடல்சார் வழக்குகளையும், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் சாலை விபத்து வழக்குகளையும் நடத்துகிறார். வின்ச் எப்படி இயங்கும், அதை நிறுத்தும் பிடி எங்கே இருக்கும், அந்நேரத்தில் எத்தனை பேர் அங்கு நின்றிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு நேரடி அனுபவம். சட்ட நூலில் கிடைக்காத கேள்விகளை அவரால் கேட்க முடிவது அதனால்தான்.

விழுக்காட்டைப் பற்றி அவர் சொன்னதைச் சாலை விபத்தில் காயமடைந்தவர்களும் அறிந்திருக்க வேண்டும். உடல் உறுப்பின் திறனிழப்பு வேறு. பிழைப்பை ஈட்டும் திறனின் இழப்பு வேறு. ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வழக்கில் 2010ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இதை விரிவாக விளக்கியது. இடக்கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய ஈட்டும் திறன் ஏறக்குறைய முழுவதுமே போய்விடலாம். அவரே அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலையை இழக்க வேண்டியதில்லை. உறுப்பின் நிலையைச் சொல்வது மருத்துவரின் வேலை. வருவாய் இழப்பை முடிவு செய்வது தீர்ப்பாயத்தின் வேலை. ஆனால் அந்த மனிதரால் எந்தச் செயலைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று நாங்கள் எழுதாவிட்டால், தீர்ப்பாயத்தின் கையில் வெறும் எண் மட்டுமே மிஞ்சும். மருத்துவர்களாகிய நாங்கள் சாட்சியம் சொல்ல நீதிமன்றம் செல்லத் தயங்குகிறோம் என்பதும் உண்மை. அந்தத் தயக்கத்தின் இழப்பு நோயாளியின் தலையில்தான் விழுகிறது.

கப்பல் பணியாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு கரையில் வேலை செய்பவருக்கு உள்ளதைவிடப் பழையது. ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டு முதல் வழங்கிவந்த ஓலெரோன் கடல் விதிகள், நோயுற்ற மாலுமியைக் கரையில் தங்கவைத்து, விளக்குக்கு மெழுகுவத்தியும் பணிவிடைக்கு ஓர் ஆளும் தரவேண்டும் என்கின்றன. கட்டிலருகே விழித்திருக்கும் துணையாளரின் தேவையை அந்தக் காலத்துச் சட்டம் நினைவில் வைத்திருந்தது எனக்கு வியப்பளித்தது.

இன்றைய அடிப்படை, 2006ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. இந்தியா 2015இல் இதை ஏற்றது. பணியில் காயமடைந்தவர் குணமாகும் வரையிலோ, திறனிழப்பு நிரந்தரமானது என்று அறிவிக்கப்படும் வரையிலோ மருத்துவச் செலவு கப்பல் உரிமையாளருடையது. நாட்டுச் சட்டங்கள் இதற்குக் கால வரம்பு வைக்கலாம். அந்த வரம்பு 16 வாரங்களுக்குக் குறையக் கூடாது. நிரந்தரத் திறனிழப்புக்கு ஒப்பந்தத்தில் கண்ட இழப்பீட்டைத் தாமதமின்றி முழுமையாகத் தரவேண்டும். குறைந்த தொகையை ஏற்கும்படி நெருக்கக் கூடாது. இறுதி மதிப்பீடு செய்ய இயலாத நிலையில் இடைக்காலத் தொகை தரவேண்டும். பணத்தைப் பெரும்பாலும் ‘பி அண்ட் ஐ கிளப்’ எனப்படும், உரிமையாளர்களின் கூட்டுக் காப்பீட்டு அமைப்பே தருகிறது.

இதை அறியாமல் எங்கள் நோயாளியின் மனைவி ஒரு தாளில் ஏறக்குறையக் கையெழுத்திட்டுவிட்டார். முகவர் என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வார்டுக்கே வந்து, ஒரு தொகையைக் குறிப்பிட்டு, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற உறுதிமொழியை நீட்டியிருக்கிறார். அப்போது இரண்டாவது அறுவை சிகிச்சைகூட முடியவில்லை. கை எந்த அளவுக்குத் தேறும் என்று எனக்கே தெரியாத நாள் அது. “என் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுகிறேன்” என்று அந்த அம்மா தாளை மடித்து வைத்ததால் குடும்பம் தப்பியது. அந்த அண்ணன்தான் வழக்கறிஞரை அழைத்து வந்தவர்.

பேச்சு வார்த்தை பலிக்காதபோது கடல்சார் வழக்கறிஞரிடம் இன்னொரு வழி உண்டு. உரிமையாளர் எங்கோ ஒரு நாட்டில் பதிவான நிறுவனமாக இருக்கலாம். இங்கே அதற்கு அலுவலகம்கூட இருக்காது. ஆனால் கப்பல் துறைமுகத்துக்கு வந்தே ஆக வேண்டும். வெளிநாட்டுக் கப்பல் மீதும் இந்திய உயர் நீதிமன்றங்களுக்கு அதிகாரம் உண்டென்று 1992இல் ‘எம்.வி. எலிசபெத்’ வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2018 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள 2017ஆம் ஆண்டின் அட்மிரால்டி சட்டம், உயிரிழப்புக்கும் உடற்காயத்துக்குமான கோரிக்கைகளை வெளிப்படையாகச் சேர்த்திருக்கிறது. நீதிமன்ற ஆணையால் கப்பல் நிறுத்திவைக்கப்படும். உரிமையாளர் ஈடு கட்டினால் விடுவிக்கப்படும். வழக்கு அந்த ஈட்டின் மீது தொடரும். நம் வழக்கறிஞர் காலையில் செய்தித்தாளுக்கு முன்பே கைப்பேசியில் கப்பல்களின் நடமாட்டத்தைப் பார்ப்பவர்.

இங்கே காலம் முக்கியமானது. கப்பலின் இயக்கத்தோடு நேரடித் தொடர்புடைய காயத்துக்கு அந்தக் கப்பலின் மீதுள்ள பற்றுரிமை, அதற்குள் கப்பல் நிறுத்திவைக்கப்படாவிட்டால், ஓராண்டில் முடிந்துவிடும். வேறு வழிகள் இருக்கலாம்; ஆனால் வலிமையான பிடி போய்விடும். ‘முதலில் உடம்பு தேறட்டும், பிறகு பார்க்கலாம்’ என்று குடும்பங்கள் காத்திருப்பது இயல்பே. நானும் பலரிடம் அப்படிச் சொல்லியிருக்கிறேன். இப்போது சொல்வதில்லை.

கட்டணம் பற்றியும் ஒரு சொல். வழக்கில் கிடைக்கும் தொகையில் பங்கு என்ற பேச்சு அமெரிக்காவில் வழக்கமானது. இந்தியாவில் வழக்கறிஞர் அவ்வாறு பேசுவது தொழில் விதிகளுக்கு முரண். அவசர சிகிச்சைப் பிரிவின் வாசலில் முகவரி அட்டை நீட்டி, ‘முன்பணம் வேண்டாம், கிடைப்பதில் பாதி’ என்பவரிடம் உங்கள் கோப்பைக் கொடுக்காதீர்கள்.

எங்கள் மாலுமியின் வழக்கு நீதிமன்றம் வரை போகவில்லை. நான் திருத்தி எழுதிய சான்றிதழ் இரண்டு பக்கம் வந்தது: பிடிப்பு வலிமையின் அளவு, மடங்காத மூட்டுகள், உணர்ச்சியற்ற பகுதி, அவரால் இயலாத பணிகள். நிறுவனத்தின் மருத்துவர் உடன்படவில்லை. அவர்களுடைய ஒப்பந்தத்தில் அதற்கும் வழி இருந்தது. இரு தரப்பும் சேர்ந்து தேர்ந்த மூன்றாவது மருத்துவர், கடற்பணிக்குத் தகுதியில்லை என்று எழுதினார். கடலுக்குத் திரும்ப முடியாமற்போன வருத்தம் அந்த மனிதருக்கு இன்றும் உண்டு. இழப்பீடு அதை ஆற்றவில்லை. ஊரில் ஒரு கடை வைக்க உதவியது.

காயம் எங்கே, எந்த நாளில், எந்த வேலையின்போது நேர்ந்தது என்பதைச் சேர்க்கையின்போதே தெளிவாகச் சொல்லுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் அது சரியாக எழுதப்பட்டுள்ளதா என்று வீட்டுக்குக் கிளம்பும் முன் படித்துப் பாருங்கள். தவறிருந்தால் எங்களிடம் கேட்பதில் கூச்சம் வேண்டாம். எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவேடுகளைத் தரவேண்டியது மருத்துவரின் கடமை. உள்நோயாளர் பதிவேடுகளை 3 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பதுதான் பொது விதி. வழக்குகள் அதற்கு மேலும் நீள்வதுண்டு. ஆகவே நகலை இப்போதே வாங்கி, எக்ஸ்ரே படங்களோடு வீட்டில் பத்திரப்படுத்துங்கள்.