ஆயில் பிரஷர் குறைஞ்சா எஞ்சினை இறக்கணுமா?

“சார், மீட்டர்ல முள்ளு ஏறல. பேரிங் போயிருச்சு, எஞ்சினை இறக்கிருவோம்.” திருநகர், நிலையூர், திருமங்கலம் பக்கம் பழைய டிராக்டர் வைத்திருக்கும் சம்சாரிகள் ஒரு தடவையாவது கேட்டிருப்பார்கள். நான் வங்கியில் இருந்த காலத்தில், இந்த ஒரு பேச்சுக்குப் பயந்து, ஓடுகிற வண்டியை வந்த விலைக்குத் தள்ளிவிட்டுப் புது டிராக்டர் கடனுக்கு மனுவோடு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். உரக்கடைக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணத்தைத் தவணையில் விட்டால் இயற்கை விவசாயத்தில் என்ன நிற்கும்?

ஆயில் பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. ஆயிலைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய இடைவெளியில் அது நெருக்கிக்கொண்டு போகும்போதுதான் அழுத்தம் பிறக்கிறது. தண்ணீர் ஓஸ் நுனியைக் கட்டைவிரலால் அடைத்தால் பீய்ச்சி அடிக்கிற மாதிரி. ஆக, ஆயில் வரத்து குறைந்தாலும், ஆயில் நீர்த்துப் போனாலும், இடைவெளி பெருத்தாலும் முள் இறங்கும். மீட்டரே பொய் சொல்லவும் செய்யும்.

எதுவாக இருந்தாலும் முள் விழுந்தவுடன் வண்டியை அணைத்துவிட வேண்டும். “இந்த ஒரு சாலை முடிச்சிருவோம்” என்று ஓட்டினால், பேரிங்கோடு போக வேண்டியது கிராங்க் வரை போகும்.

முதல் சோதனை மீட்டர். நன்றாக வேலை செய்யும் கேஜ் ஒன்றை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கி, பிளாக்கில் ஆயில் லைன் எடுக்கும் துளையில் நேரடியாக மாட்டச் சொல்லுங்கள். எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார்க்கணும். குளிர்ந்த எஞ்சினில் ஆயில் கெட்டியாக இருப்பதால் எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். பொதுவான கணக்கு, 1000 சுற்றுக்கு 10 பி.எஸ்.ஐ. உங்கள் மீட்டர் கிலோவில் இருந்தால், ஒரு கிலோ என்பது சுமார் 14 பி.எஸ்.ஐ. சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும்.

அடுத்தது டிப் ஸ்டிக். ஆயில் குறைந்திருக்கிறதா என்று மட்டும்தான் நம்ம ஆட்கள் பார்க்கிறார்கள். கூடியிருக்கிறதா என்றும் பார்க்கணும். ஊற்றாத ஆயில் எப்படிக் கூடும்? டீசல்தான். டயாபிரம் வைத்த ஃபீட் பம்ப் உள்ள எஞ்சினில், டயாபிரம் கிழிந்தால் டீசல் நேராகச் சேம்பருக்குள் இறங்கிவிடும். எங்கள் வண்டிக்கும் “எஞ்சினை இறக்கணும்” என்றுதான் சொன்னார்கள். ஸ்டிக்கை எடுத்தால் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறது, முகர்ந்தால் டீசல் வாடை. “தம்பி, முதல்ல ஃபீட் பம்பைக் கழற்றுங்க” என்றேன். டயாபிரம் கிழிந்திருந்தது. அதை மாற்றி, ஆயிலும் ஃபில்டரும் புதுசு போட்டதும் முள் பழைய இடத்துக்கு வந்தது. வடித்த ஆயிலை வரப்பிலோ வாய்க்காலிலோ கொட்டாமல் கேனில் பிடித்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

ஆயிலும் சரி, மீட்டரும் சரி என்றால் அழுத்தம் எப்படி இறங்கியது என்று யோசிக்கணும். நேற்று வரை நன்றாக இருந்து இன்று திடீரென்று விழுந்தால், ரிலீஃப் வால்வில் தூசி சிக்கியிருக்கலாம், ஸ்பிரிங் உடைந்திருக்கலாம், பம்பின் உறிஞ்சு வலை அடைத்திருக்கலாம். இந்த வால்வு சில எஞ்சின்களில் வெளியே இருக்கும், சிலதில் பம்போடு சேர்ந்து உள்ளே இருக்கும். இரண்டு மூன்று வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, சூடானபின் ஸ்லோவில் மட்டும் முள் படுத்து, ஆக்சிலேட்டர் கொடுத்தால் ஏறுகிறது என்றால் அது பேரிங் தேய்மானம். பழைய ஃபில்டரை அறுத்துப் பாருங்கள். உள்ளே செம்பு நிறத்தில் மினுக்கினால் பேரிங்கின் மேல்பூச்சு தேய்ந்து அதன் அடியிலுள்ள செம்பு அடுக்கு வரை வந்துவிட்டது. அப்போது சேம்பரைத் திறக்கத்தான் வேண்டும்.

பல டிராக்டர்களில் சேம்பர் வண்டியின் முன்பாரத்தையே தாங்குவது. கார் மாதிரி படுத்துக்கொண்டு கழற்ற முடியாது, தாங்கல் கொடுத்துச் செய்கிற வேலை. அதனால்தான் வெளிச் சோதனைகளை முதலில் முடிக்கச் சொல்கிறேன். திறந்த பிறகு பம்பின் தேய்மானத்தையும் அளக்கச் சொல்லுங்கள். கிராங்கை லேத்தில் மைக்ரோமீட்டர் வைத்து அளந்து, அந்த அளவைத் தாளில் எழுதி வாங்குங்கள். கிராங்க் அளவுக்குள் இருந்தால் பேரிங் செட் மட்டும் போதும். தேய்ந்திருந்தால்தான் 10 தவு, 20 தவு என்று கடைந்து அதற்கேற்ற பேரிங் போடணும். அளக்காமலே “ஃபுல் செட் போட்டிருவோம்” என்பவரிடம் எனக்கு நம்பிக்கை இல்லை.

கெட்டி ஆயில் ஊற்றி முள்ளை ஏற்றிக் காட்டும் வித்தையும் உண்டு, முக்கியமாக விற்கப்போகிற வண்டியில். பழைய வண்டி வாங்குகிறவர்கள் அரை மணி நேரம் உழுதுபார்த்து, சூட்டோடு ஸ்லோவில் வைத்து முள்ளைப் பாருங்கள்.

வேலை முடிந்ததும் உடனே எஞ்சினை உறுமவிடக் கூடாது. ஸ்டாப்பரை இழுத்துப் பிடித்தபடி, விட்டுவிட்டு செல்ஃப் அடித்து, முள் அசைந்த பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள்.