பழைய நூலகக் கட்டடங்களும் மக்களின் ஓவியப் பதிவும்

நூலகம் என்றதும் நூல்களே நினைவுக்கு வருகின்றன. அவற்றைக் காத்து நிற்கும் கட்டடத்தை எவரும் கருதுவதில்லை. கொல்கத்தாவின் பெல்வெடர் மாளிகையில் தேசிய நூலகம் 1953-ஆம் ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அம்மாளிகையில் சீரமைப்புப் பணி நடந்தபோது, கதவோ சாளரமோ இல்லாத ஓர் அடைபட்ட பகுதி தரைத்தளத்தில் இருப்பது 2010-இல் தெரியவந்தது. அது மண் நிரப்பப்பட்ட பகுதி என்பது பின்னர் விளங்கியது. நாட்டின் தலைசிறந்த நூலகத்திலேயே கட்டடம் பற்றிய அறிவு இவ்வளவு குறைவாக இருந்ததெனில், சிறு நகர நூலகங்களின் நிலையை எளிதில் ஊகிக்கலாம்.

இக்குறையைப் போக்கத் துணைபுரியும் எளிய வழிகளுள் ஒன்று, ஊர் மக்கள் கூடிக் கட்டடத்தை நேரில் கண்டு வரைதல். இதற்குத் தேவைப்படுபவை தாளும் பென்சிலும் இரண்டு மணி நேரமுமே ஆகும். ஓவியப் பயிற்சி கட்டாயமன்று.

வரைபவர் காரணங்களையும் காண்கிறார். 1833-இல் கட்டி முடிக்கப்பட்ட மும்பை நகர மண்டபத்தின் அகன்ற படிகளும் டோரிக் தூண்களும் கிரேக்கக் கட்டடக் கலையைப் பின்பற்றியவை. 1896-இல் திறக்கப்பட்ட சென்னைக் கன்னிமாரா நூலகத்தின் பழைய கட்டடம் ஹென்றி இர்வின் வடிவமைத்தது. வண்ணக் கண்ணாடிகள் அதற்கு அழகூட்டுகின்றன. உயர்ந்த கூரையும் மேற்சாளரங்களும் வெப்பக் காற்றை வெளியேற்றவும், படிப்போருக்குப் பகலொளி தரவும் பயன்பட்டன. இதை உணர்ந்தவர், சாளரத்தை அடைத்துச் சுவர் எழுப்பும் ‘சீரமைப்பை’ எளிதில் ஏற்கமாட்டார்.

இம்முயற்சிக்கு நூலகரின் முன் அனுமதி இன்றியமையாதது. ஒருவர் முகப்பையும், மற்றொருவர் படிக்கட்டையும், வேறொருவர் நூலடுக்குகளையும் எனப் பகிர்ந்துகொள்ளலாம். படிப்போருக்கு இடையூறு நேராமல், கூடத்தினுள் சிலரே அமர்வது நன்று. ஒவ்வொரு தாளிலும் நாள், வரைந்த இடம், நோக்கிய திசை ஆகியவற்றுடன், கண்ட விரிசலையும் நீர்க்கசிவையும் குறித்தல் வேண்டும். அவ்வோவியங்களை நூலகத்திலேயே காட்சிக்கு வைத்து, பின்னர் உள்ளூர் வரலாற்றுத் தொகுப்பில் சேர்க்கலாம். ஆண்டுதோறும் அதே இடத்திலிருந்து வரைந்தால், ஏற்படும் மாற்றங்கள் புலனாகும்.

இவ்வோவியங்கள் பொறியாளரின் அளவு வரைபடத்திற்கு மாற்றாகா. எனினும், எங்கே ஆய்வு தேவை என்பதை அவை சுட்டிக்காட்டும். பழுது முற்றிய பின் செலவு பன்மடங்காகிறது. சில வேளைகளில் இடிப்பதே வழி என்ற முடிவும் எடுக்கப்படுகிறது. அம்முடிவுக்கு முன்பே கட்டடத்தை அறிந்தவர்கள் ஊரில் இருத்தல் நலம்.