சதை துடித்தால் சூம்பிப் போகுமா?

"டாக்டருங்க, இந்தக் கை சூம்பிட்டு வருதுங்க. நல்லாப் பாருங்க!"

சட்டையைத் தோள் வரை சுருட்டிக்கொண்டு என் எதிரே உட்கார்ந்தார் அந்த இளைஞர். வயது 28. அனுப்பர்பாளையம் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். செந்தில் என்று வைத்துக் கொள்வோம்.

பையிலிருந்து இன்ச் டேப்பை எடுத்தார். கூடவே ஒரு சின்ன நோட்டு. நாலு மாதமாகக் காலையும் மாலையும் இரண்டு கைகளையும், இரண்டு கெண்டைக்கால்களையும் அளந்து, தேதி போட்டு எழுதி வைத்திருந்தார்!

"மொதல்ல கெண்டைக்கால்ல துடிச்சதுங்க. தோலுக்கு அடியில புழு நெளியற மாதிரி. அப்புறம் கண் இமை, கட்டை விரல், தொடைன்னு இடம் மாறி மாறித் துடிக்குதுங்க. ராத்திரி தூக்கமே வரமாட்டீங்குது."

இவ்வளவு பயம் ஏன்? விசாரித்தபோது தெரிந்தது. பங்காளி வீட்டு அண்ணன் ஒருவருக்குக் கை சூம்பி, கால் சூம்பி, பேச்சுக் குழறி, இரண்டே வருடத்தில் இறந்து போயிருக்கிறார். 'மோட்டார் நியூரான் நோய்' என்று கோவையில் சொன்னார்களாம். அந்த அண்ணனுக்குக் கடைசி வரை பக்கத்தில் இருந்து பார்த்தவர் செந்தில்தான். அதற்குப் பிறகு தன் காலில் ஒரு துடிப்பு, செல்போனில் தேடினார், திரையில் வந்ததெல்லாம் அதே நோயின் பெயர்!

அவர் பயத்தைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. நீங்களும் சிரிக்காதீர்கள். இப்படி ஒரு சாவை அருகிலிருந்து பார்த்த யாருக்கும் வரக்கூடிய பயம்தான் இது.

துடிப்பு ஏன் வருகிறது?

ஒரு நரம்பு இழை பல தசை நார்களை இயக்குகிறது. ஒரு சுவிட்சைப் போட்டால் சீரியல் பல்பு பூராவும் எரிகிறதே, அதுபோல. நாம் உத்தரவு கொடுக்காமலே நரம்பின் நுனி தானாக ஒரு தடவை 'ஆன்' ஆனால், அதற்குரிய தசை நார்கள் மட்டும் சட்டென்று சுருங்கி விரியும். அதுதான் நாம் பார்க்கிற துடிப்பு. 'பெண்ணுக்கு இடது கண் துடித்தால் நல்லது, ஆணுக்கு வலது கண் துடித்தால் நல்லது' என்று பலன் சொல்கிறோமே, அதுவும் இதே சமாச்சாரம்தான்! நல்ல ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் வரும்.

எப்போது அதிகமாக வரும்? தூக்கம் கெட்டால், உடம்பு களைத்தால், டீ, காபி அதிகமானால், வியர்த்துக் கொட்டி நீர் வற்றினால், மனசு பதறினால். தைராய்டு கோளாறு, ரத்தத்தில் கால்சியம், மக்னீசியம் குறைவு, சில ஆஸ்துமா மருந்துகள் ஆகியவையும் காரணமாகலாம்.

இப்போது நம்ம ஊர் வாழ்க்கையைப் பாருங்கள். ஷிப்மென்ட் நெருங்கினால் ஒன்றரை ஷிப்ட். பன்னிரண்டு மணி நேரம் நின்றுகொண்டு கட்டிங். நடுவில் ஐந்தாறு டீ. வீடு திரும்பிச் சாப்பிட்டுப் படுக்கப் பதினோரு மணி. பிறகு ஒரு மணி நேரம் செல்போன். கெண்டைக்கால் துடிக்காமல் என்ன செய்யும்?

சித்த மருத்துவத்தில் உடம்பின் அசைவுகளுக்கெல்லாம் வாதமே பொறுப்பு. யூகி முனிவர் வாத நோய்களை 80 வகையாகப் பிரித்திருக்கிறார். கண் விழிப்பு, அதிக உழைப்பு, வேளை தவறிய சாப்பாடு, கவலை எல்லாம் வாதத்தைக் கெடுக்கும் என்று பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்தேன். நவீன மருத்துவம் சொல்கிற காரணங்களும் ஏறக்குறைய அதே பட்டியல்தானே!

கேட்க வேண்டிய கேள்வி

'துடிக்கிறதா?' என்று கேட்காதீர்கள். 'முன்பு செய்த வேலையை இப்போது செய்ய முடியாமல் போகிறதா?' என்று கேளுங்கள்.

மோட்டார் நியூரான் நோயில், தசையை இயக்கும் நரம்பு அணுக்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. அதிலும் துடிப்பு உண்டு. மறைக்கவில்லை. ஆனால் அந்த நோயாளி பெரும்பாலும் 'துடிக்குது' என்று வருவதில்லை. 'பட்டன் போட முடியலை', 'கால் தடுக்குது', 'பேச்சு குழறுது' என்றுதான் வருவார். பலக்குறைவு ஓர் இடத்தில் ஆரம்பித்து, மாதத்துக்கு மாதம் கூடிக்கொண்டே போகும்.

1993-ல் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பலக்குறைவு இல்லாமல் வெறும் துடிப்பு மட்டும் இருந்த 121 பேரை 2 முதல் 32 ஆண்டுகள் வரை தொடர்ந்து கவனித்தார்கள். அவர்களில் ஒருவருக்குக்கூட மோட்டார் நியூரான் நோய் வரவில்லை!

'எங்க சொந்தத்துல இருந்துச்சே, எனக்கும் வராதா?' என்பது அடுத்த கேள்வி. இந்த நோய் வந்தவர்களில் சுமார் பத்துக்கு ஒன்பது பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்கும் இருப்பதில்லை. ஒரே குடும்பத்தில் இரண்டு, மூன்று பேருக்கு வந்திருந்தால் மட்டும் நரம்பியல் மருத்துவரிடம் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

செந்திலைக் குதிகாலால் நடக்கச் சொன்னேன், நுனிக்காலால் நடக்கச் சொன்னேன். குந்தி உட்கார்ந்து கையூன்றாமல் எழுந்தார். விரல்களை விரித்து வைக்கச் சொல்லி அழுத்திப் பார்த்தேன்; மடங்கவில்லை. "துணி ரோலைத் தூக்க முடியுதா?" என்றேன். "அதெல்லாம் தூக்கறனுங்க. காலைல கூட நாலு ரோல் எறக்கினேன்" என்றார். பதில் அவர் வாயிலேயே இருந்தது!

"அப்போ இந்த அரை இஞ்ச் வித்தியாசம்?"

"தம்பி, நீங்க வலது கைக்காரர். தினமும் கட்டிங் மிஷினைப் பிடிக்கற கை, சும்மா இருக்கற கையைவிடக் கொஞ்சம் பெருசாத்தான் இருக்கும். அது போகட்டும், பனியன் துணியை இழுத்து அளந்தா ஒரு அளவு, இழுக்காம அளந்தா ஒரு அளவு. சதையும் அப்படித்தான். இது உங்களுக்கு நான் சொல்லியா தெரியணும்?"

முதல் தடவையாகச் சிரித்தார்.

எல்லாச் சூம்பலும் ஒன்றல்ல

சதை உண்மையிலேயே சூம்பினாலும், அது அந்தக் கொடிய நோயாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

நம்ம தொழிலில் அடிக்கடி பார்ப்பது, மணிக்கட்டில் நரம்பு அழுந்துவது. ராத்திரியில் விரல்கள் மரத்துப் போகும். கையை உதறினால் சரியாகும். கவனிக்காமல் விட்டால் கட்டை விரலின் அடிச்சதை வற்றும். மேஜையில் முழங்கையை ஊன்றியே வேலை செய்பவர்களுக்கு அங்கே நரம்பு அழுந்தி, சுண்டு விரல் பக்கம் மரத்து, கையின் சதை குறையும். பல வருடச் சர்க்கரை நோய் தொடைச் சதையைக் கரைக்கலாம். உணர்ச்சியில்லாத தேமலோடு கைச்சதை சூம்பினால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதற்கு இலவச மருந்து உண்டு, முழுதாகக் குணமாகும்.

வாலிப வயதில் ஒரு கை மட்டும் சூம்புகிற ஒரு நோயை 1959-ல் ஜப்பானில் ஹிராயாமா என்ற மருத்துவர் விவரித்தார். 1984-ல் பெங்களூரு நிம்ஹான்ஸில் டாக்டர் கௌரி தேவி குழுவினர், ஒரு கை அல்லது ஒரு கால் மட்டும் சூம்பிய நம் நாட்டு இளைஞர்களைப் பற்றி எழுதினார்கள். சில வருடங்கள் கூடி, பெரும்பாலும் அதோடு நின்றுவிடுகிற நோய் இது.

நம் சென்னையின் பெயரிலேயே ஒன்று உண்டு தெரியுமா? 1970-ல் டாக்டர்கள் மீனாட்சிசுந்தரம், ஜெகந்நாதன், பி.ராமமூர்த்தி ஆகியோர் இளம் வயதினரிடம் கண்ட ஒரு வகையை எழுதினார்கள். 'மெட்ராஸ் மோட்டார் நியூரான் நோய்' என்று உலக மருத்துவ நூல்களில் அது இருக்கிறது. கை, கால், முகச் சதைகள் இளைக்கும், காதும் மந்தமாகும். ஆனால் மற்ற வகையைப் போல வேகமாக ஓடாது. பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். அபூர்வமான நோய் இது. பெயரைப் படித்துவிட்டுக் காதைத் தேய்த்துப் பார்க்க வேண்டாம்!

நான் செய்த தவறு

பயப்படாதீர்கள் என்று சொல்கிற நான், ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். பதினைந்து வருடம் இருக்கும். செக்கிங் வேலை பார்த்த ஓர் அம்மணி வந்தார். "பிசிறு வெட்டற கத்திரி கையில நிக்க மாட்டீங்குதுங்க சாமி" என்றார். அவருக்குத் துடிப்பும் இல்லை, பயமும் இல்லை. எனக்கும் பயம் வரவில்லை. களைப்பு என்று நினைத்துத் தைலம் கொடுத்து அனுப்பினேன். மூன்று மாதம் கழித்து வந்தபோது கட்டை விரல் அடியில் குழி விழுந்திருந்தது. மணிக்கட்டு நரம்பு! அறுவை சிகிச்சைக்குப் பிறகு மரப்பு போயிற்று. போன சதை முழுதாகத் திரும்பவில்லை.

துடிப்போடு வந்த செந்திலுக்கு ஒன்றுமில்லை. துடிப்பே இல்லாமல் வந்த அந்த அம்மாவுக்குத்தான் அவசரம் இருந்தது. 'முடியவில்லை' என்ற சொல்லைக் கேட்டால் இன்று நான் தைலத்தைத் தொடுவதில்லை; முதலில் பரிசோதனைக்கு அனுப்புகிறேன்.

உடனே டாக்டரிடம் போக வேண்டியவர்கள்

* பட்டன் போட, சாவி திருப்ப, கத்திரி பிடிக்க முடியாமல், அது நாளுக்கு நாள் கூடுகிறவர்கள்
* பாதம் தடுக்கி விழுகிறவர்கள், செருப்பு கழன்றது தெரியாமல் நடப்பவர்கள்
* கையூன்றாமல் எழவோ, படியேறவோ முடியாதவர்கள்
* பேச்சுக் குழறல், விழுங்கும்போது புரையேறுதல், படுத்தால் மூச்சு முட்டுதல் உள்ளவர்கள்
* கையிலோ காலிலோ கண்ணுக்குத் தெரிகிற குழி, தொடர்ந்த மரப்பு உள்ளவர்கள்

ஒரு பக்கம் கை, கால் திடீரென்று விழுந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அப்போது ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள்.

பயத்தை எப்படி இறக்கி வைப்பது?

பயம் வந்தால் உடம்பு விறைக்கிறது, தூக்கம் போகிறது, துடிப்பு கூடுகிறது. துடிப்பு கூடினால் பயம் கூடுகிறது. இந்தச் சக்கரத்தை எங்காவது ஓரிடத்தில் நிறுத்த வேண்டும்.

ஒரே ஒரு முறை முறையான பரிசோதனை. செந்திலைக் கோவையில் ஒரு நரம்பியல் நிபுணரிடம் அனுப்பினேன். தசையின் மின்னோட்டத்தைப் பார்க்கிற ஈ.எம்.ஜி. சோதனையும் நார்மல். 'இன்னொரு இடத்துல எடுத்துப் பார்க்கட்டுங்களா?' என்றார். வேண்டாம் என்றேன். இரண்டாவது சோதனை தருகிற நிம்மதி நாலு நாள். பிறகு மூன்றாவதைக் கேட்கும். பலக்குறைவு என்று புதிதாக ஏதாவது வந்தால் மட்டும் மறுபடி பார்த்தால் போதும்.

அளப்பதை நிறுத்துங்கள். கிள்ளிப் பார்ப்பது, கண்ணாடியில் பார்ப்பது, செல்போனில் தேடுவது எல்லாம் அளப்பதுதான். ஒரேயடியாக முடியாவிட்டால் தினமும் இரண்டு முறை என்பதை ஒன்றாக்குங்கள். அடுத்த வாரம் இரண்டு நாளைக்கு ஒருமுறை. கவலைப்படவும் ஒரு நேரம் ஒதுக்குங்கள், சாயங்காலம் கால் மணி நேரம். மற்ற நேரத்தில் பயம் வந்தால், 'ஆறு மணிக்கு வா' என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்!

உடம்பைக் கவனியுங்கள். டீயை இரண்டாகக் குறையுங்கள். மாலைக்குப் பிறகு வேண்டாம். தண்ணீர், மோர் குடியுங்கள். ஏழு மணி நேரத் தூக்கம். படுக்கும் முன் வெந்நீரில் கால் கழுவி, நல்லெண்ணெயை இளஞ்சூடாகக் கெண்டைக்காலில் தடவுங்கள். எண்ணெய்க் குளியலுக்கு ஆண்களுக்குப் புதன், சனி என்பார்கள். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமை குளித்தாலும் குற்றமில்லை. இதெல்லாம் உடம்புக்கு இதம். நரம்பு நோயைக் குணமாக்கும் என்று நான் சொல்லவில்லை.

அமுக்கராச் சூரணத்தை நீங்களாக வாங்கிச் சாப்பிடாதீர்கள். கர்ப்பிணிகள், தைராய்டு, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகாது. 'நரம்புத் தளர்ச்சிக்குக் கைகண்ட மருந்து' என்று பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜில் தேதி குறித்து வந்து போகிறவர்களிடம் ஏமாறாதீர்கள். பெயர் ஒட்டாத பொடிகளில் ஈயம் கலந்திருந்தால், அதுவே நரம்பைக் கெடுத்து மணிக்கட்டை விழச் செய்யும்! மோட்டார் நியூரான் நோயை முழுதாகக் குணமாக்கும் மருந்து இன்றைக்கு எந்த வைத்திய முறையிலும் இல்லை. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்.

வீட்டில் உள்ளவர்களுக்கும் ஒரு வார்த்தை. 'உனக்கு வேற வேலையில்லை' என்று ஏளனம் செய்யாதீர்கள். 'எங்கே, காட்டு' என்று தினமும் தடவிப் பார்க்கவும் செய்யாதீர்கள். 'டாக்டர் பார்த்துட்டாரு, ஒண்ணுமில்லை' என்று ஒருமுறை சொல்லிவிட்டு, பேச்சை மாற்றி, சாப்பிடக் கூப்பிடுங்கள்.

இத்தனைக்கும் பிறகு பயம் விடாமல் வேலை கெடுகிறது, சாகலாமா என்ற நினைப்பு வருகிறது என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். இது பைத்தியம் அல்ல. பேச்சாலும் மருந்தாலும் நன்றாகக் குறைகிற பதற்ற நோய். 14416 என்ற அரசின் 'டெலி மானஸ்' எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.

செந்திலின் வீட்டு டேப்பையும் நோட்டையும் நான் வாங்கி மேஜை டிராயரில் வைத்துக் கொண்டேன். கம்பெனி டேப் துணிக்கு மட்டும் என்று ஒப்பந்தம். தீபாவளி ஆர்டர் நேரத்தில் பயம் ஒருமுறை திரும்ப வந்தது. போன் செய்தார், பேசினோம். ஆறு மாதம் கழித்து அவருடைய அம்மாவின் மூட்டு வலிக்காகக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"இப்பத் துடிக்குதுங்களா தம்பி?" என்றேன்.

கொஞ்சம் யோசித்தார். "துடிக்கும்னுதான் நெனைக்கறனுங்க. கவனிக்கலீங்க" என்றார்.

டேப்பை அவர் கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.