பச்சை உடம்பும் பதின்மூன்று மைலும்

பிள்ளை பெற்று மூன்று மாதமான பெண் ஒருத்தி, “அடுத்த வருஷம் நான் 21 கிலோமீட்டர் ஓடப் போகிறேன்” என்று வீட்டில் அறிவித்தால் என்ன நடக்கும்? மாமியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பாள். கணவர், பேப்பரைத் தாழ்த்தாமலே, “பேஷாகச் செய்” என்பார். செய்யமாட்டாள் என்கிற தைரியம்தான்! தலைப்பிரசவத்துக்காகக் கமுதிக்குத் தாய்வீடு வந்திருக்கும் பெண்ணாக இருந்தாலோ, அம்மாச்சி ஒரே கேள்வியில் விஷயத்தை முடித்துவிடுவாள்: “ஏன் ஆத்தா, உன்னை யாரு துரத்துறா?”

சிரிக்காதீர்கள். கேள்வி நியாயமானதுதான். யாரும் துரத்தாதபோது ஒரு பெண் எதற்காக ஓட வேண்டும்?

அதற்குப் பதில் கேள்வியிலேயே இருக்கிறது. கைக்குழந்தைக்காரி விடிந்ததிலிருந்து ஓடிக்கொண்டேதான் இருக்கிறாள். குழந்தை அழுதால் ஓட்டம், பால் பொங்கினால் ஓட்டம், வாசலில் மணி அடித்தால் ஓட்டம். எல்லாம் பிறர் அழைத்து ஓடுகிற ஓட்டம். யாரும் அழைக்காமல், யாரும் துரத்தாமல், தன் கால் போகிற வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடுவது என்பது அவளுக்குக் கிடைக்கிற ஓய்வு என்றுகூடச் சொல்லலாம்.

‘அரை மாரத்தான்’ என்பது 21 கிலோமீட்டருக்குச் சற்று மேல்; அந்தக் கால அளவில் பதின்மூன்று மைல். கமுதியில் பஸ் ஏறி முதுகுளத்தூரில் இறங்கினால் ஏறத்தாழ அவ்வளவு தூரம். ஜன்னலோரம் இடம் கிடைத்தால் ஒரு குட்டித் தூக்கமே போட்டுவிடலாம். அதைக் காலால் கடப்பதா, அதுவும் பிள்ளை பெற்ற உடம்போடு என்று மலைக்கிறீர்களா? முதலில், கடந்து காட்டியவர்களைப் பார்ப்போம்.

ஓடிக் காட்டிய தாய்மார்கள்

1948ம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக் பந்தயத்துக்கு ஹாலந்து தேசத்திலிருந்து ஃபானி பிளாங்கர்ஸ் கோன் என்ற பெண்மணி வந்தார். வயது முப்பது, இரண்டு குழந்தைகளுக்குத் தாய். ‘பிள்ளைகளை விட்டுவிட்டு அரைக்கால் சட்டையோடு ஓட வந்துவிட்டாளே!’ என்று கண்டித்து அவருக்குக் கடிதங்கள்கூட வந்தன. அவர் நான்கு தங்கப் பதக்கங்களோடு வீடு திரும்பினார்.

நார்வேயின் இங்கிரிட் கிறிஸ்டியன்சன் கதை இன்னும் வேடிக்கை. 1983ம் ஆண்டு மார்ச்சில் ஒரு பந்தயத்தில் என்றுமில்லாதபடி பின்தங்கிவிட்டார். என்ன காரணம் என்று அவருக்கே புரியவில்லை. வயிற்றில் பிள்ளை, அதுவும் ஐந்து மாதம்! ஆகஸ்டில் மகன் பிறந்தான். 1984 ஜனவரியில் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் முழு மாரத்தானையே ஜயித்தார். மறு வருஷம் லண்டனில் உலக சாதனையும் செய்தார்.

நம் பி.டி. உஷாவை யாருக்குத் தெரியாது? திருமணம், மகன் என்று குடும்பத்தில் அமர்ந்துவிட்டார் என்று ஊரே நினைத்திருந்தபோது மறுபடி ஓடுகளத்தில் இறங்கினார். 1998ல் ஜப்பானின் ஃபுகுவோகா நகரில் நடந்த ஆசியப் போட்டியில், முப்பத்துநாலாம் வயதில், பதக்கங்கள் வாங்கினார்.

இந்தக் கதைகளை வாசித்துவிட்டு உடனே செருப்பை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். இங்கிலாந்தின் பாலா ராட்கிளிஃப் கதையையும் கேளுங்கள். 2007 ஜனவரியில் அவருக்குப் பெண் குழந்தை பிறந்தது. இரண்டு வாரத்துக்குள் ஓட ஆரம்பித்துவிட்டார். பலன், முதுகெலும்பின் அடிப்பகுதியில் எலும்பு முறிவு. ஓட்டத்தை நிறுத்தி உடம்பு தேற வேண்டியதாயிற்று. அதன் பிறகு அந்த நவம்பரில் அவர் நியூயார்க் மாரத்தானை ஜயித்தார் என்பது பத்திரிகைகளில் பெரிய எழுத்தில் வந்தது. நடுவில் எலும்பு முறிந்தது சின்ன எழுத்தில்தான் வந்தது. நமக்கு வேண்டியது அந்தச் சின்ன எழுத்துப் பாடம்.

அம்மாச்சிக்குத் தெரிந்த வைத்தியம்

பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்று நம் பெரியவர்கள் சொல்கிறார்களே, அது வெறும் பேச்சல்ல. கர்ப்பப்பை பழைய அளவுக்குச் சுருங்கவே ஆறு வாரம் ஆகும். நச்சுக்கொடி ஒட்டியிருந்த இடம் உள்ளே ஒரு புண்ணாகத்தான் இருக்கிறது. பத்து மாதச் சுமையில் வயிற்றுத் தசைகள் நடுவே விலகியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, கர்ப்பப்பையையும் மூத்திரப்பையையும் கீழிருந்து தொட்டில்போல் தாங்குகிற இடுப்படித் தசைகள் தளர்ந்து போயிருக்கும். ஒவ்வொரு ஓட்ட அடியிலும் அந்தத் தொட்டில்மேல்தான் பாரம் விழுகிறது.

2019ல் பிரிட்டனைச் சேர்ந்த மூன்று இயன்முறை மருத்துவர்கள் இது குறித்து ஒரு வழிகாட்டி வெளியிட்டார்கள். பிரசவமாகிக் குறைந்தது பன்னிரண்டு வாரம் ஓடக் கூடாது என்பது அதன் சாரம். நாற்பது நாள் அறையை விட்டு அசையாதே என்று அம்மாச்சி சொன்னதற்கும் இதற்கும் ரொம்ப தூரமில்லை, பார்த்தீர்களா? ஸிஸேரியன் ஆனவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஓடவே கூடாது. மேலே தையல் ஆறியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே ஆறுவதற்கு இன்னும் நாளாகும்.

ஒரே ஒரு விஷயத்தில் அம்மாச்சியோடு நாம் சண்டை போட வேண்டும். “தண்ணி குடிக்காதே, வயிறு போட்டுரும்” என்பாளே, அதைக் கேட்காதீர்கள். பால் கொடுக்கிறவளுக்குத் தாகம் எடுத்தால் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். அதேபோல் படுக்கையிலேயே கிடக்கவும் வேண்டாம். சுகப்பிரசவமானால் சில நாட்களிலேயே வீட்டுக்குள் மெல்ல நடக்கலாம். சிறுநீரை அடக்குவதுபோல் இடுப்படித் தசைகளை இறுக்கிப் பிடித்து, பிறகு தளர்த்தும் பயிற்சியைப் படுத்தபடியே செய்யலாம். குழந்தைக்குப் பால் கொடுக்கிற வேளையெல்லாம் பத்துத் தடவை என்று வைத்துக்கொண்டால் மறக்காது.

தும்மினால், இருமினால், சிரித்தால் சிறுநீர் கசிகிறதா? அடிவயிறு கீழே இறங்குவதுபோல் கனக்கிறதா? இதைப் பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூசி, ஆயுள் முழுதும் மறைத்து வைத்த பெண்கள் எத்தனையோ பேர். இராமநாதபுரம் சீமையில் பல கிராமங்களில் பெண்கள் குடங்களை அடுக்கிய தள்ளுவண்டியோடு குடிதண்ணீருக்காகக் கிலோமீட்டர் கணக்கில் போய் வருகிறார்கள். பிள்ளை பெற்ற கையோடு அந்தப் பாரத்தை இழுத்தவர்களுக்குக் கர்ப்பப்பை இறங்கிப்போனால் அதிசயமில்லை. ‘பெண் ஜன்மம், இப்படித்தான்’ என்று பொறுத்துக்கொள்ள வேண்டிய வியாதி அல்ல இது. டாக்டரிடம் வாய் திறந்து சொன்னால் பயிற்சியும் உண்டு, சிகிச்சையும் உண்டு.

மூன்று மாதம் ஆன பிறகு

வீட்டிலேயே ஒரு பரீட்சை வைத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் வேகமாக நடங்கள். ஒற்றைக் காலில் பத்து விநாடி நில்லுங்கள். நின்ற இடத்திலேயே ஒரு நிமிஷம் ஓடுங்கள். பாண்டி ஆடுவதுபோல் ஒவ்வொரு காலிலும் பத்துத் தடவை நொண்டியடியுங்கள். வலி, கசிவு, கனம் மூன்றும் இல்லையென்றால் நீங்கள் பாஸ். ஏதாவது ஒன்று இருந்தால் டாக்டரைப் பார்த்துவிட்டு, நடையோடு இன்னும் சில வாரம் இருங்கள்.

பிறகு வாரத்துக்கு மூன்று நாள். ஒரு நிமிஷம் ஓட்டம், இரண்டு நிமிஷம் நடை. இப்படிப் பத்துச் சுற்று. ஓடும்போது பக்கத்தில் இருப்பவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாமல் மூச்சு வாங்கினால் வேகம் அதிகம் என்று அர்த்தம். ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நடையைக் குறைத்துக்கொண்டே வந்தால் இரண்டு மாதத்தில் 5 கிலோமீட்டர் கைவசமாகும்.

அதற்கப்புறம் வாரத்தில் ஒரு நாள் மட்டும் நீண்ட ஓட்டம். ஒவ்வொரு வாரமும் ஒரு கிலோமீட்டர் கூட்டுங்கள். நான்காவது வாரம் குறைத்து ஓடி, உடம்புக்கு இளைப்பாறுதல் கொடுங்கள். 18 கிலோமீட்டர் வந்துவிட்டால் போதும், மிச்சத்தைப் பந்தய நாளின் உற்சாகமே இழுத்துப் போய்விடும். கடைசி இரண்டு வாரம் தூரத்தைக் குறைத்துவிட வேண்டும். குழந்தைக்குச் சளி பிடித்துக் கெடுகிற வாரங்கள், இரவெல்லாம் தூக்கமில்லாமல் ஓட்டத்துக்குப் பதில் நடக்கிற நாட்கள், எல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் குழந்தையின் ஆண்டு நிறைவை ஒட்டி நீங்கள் பந்தயத்துக்குத் தயார். சென்னையில் ஆண்டுதோறும் ஜனவரியில் நடக்கிற மாரத்தானில் அரைத் தூரப் பிரிவும் உண்டு.

பாலும் சோறும்

“ஓடினால் பால் வற்றிவிடும்” என்று யாராவது பயமுறுத்துவார்கள். 1994ல் அமெரிக்காவில் 33 தாய்மார்களை வைத்து ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஒரு பகுதியினர் வாரம் ஐந்து நாள் தேகப்பயிற்சி செய்தார்கள், மற்றவர்கள் செய்யவில்லை. பன்னிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் பாலின் அளவிலும் தரத்திலும் குழந்தைகளின் எடையிலும் வித்தியாசம் ஏதுமில்லை. ஆனால் கிளம்புமுன் பால் கொடுத்துவிட்டுப் போங்கள். மார்பு கனத்திருந்தால் ஓட்டம் வேதனை. மார்பை நன்றாகத் தாங்குகிற உள்ளாடையும் அவசியம். செருப்புக்குச் செலவழிக்கிற பணத்தில் இதற்கும் பங்கு ஒதுக்குங்கள்.

பால் கொடுக்கிற தாய்க்கு முதல் ஆறு மாதம் தினம் 600 கலோரி அதிகம் வேண்டும் என்பது நம் தேச ஆகார நிபுணர்களின் கணக்கு. ஓட்டம் அதற்கு மேல். ஆகவே இளைப்பதற்காக ஓடுகிறேன் என்று சோற்றைக் குறைப்பது, எண்ணெய் விடாமல் விளக்கேற்றுகிற காரியம். இராமநாதபுரம் கரையோரப் பெண்களுக்குப் பால்சுறாப் புட்டும் முருங்கைக்கீரையும் பூண்டும் கேழ்வரகும் புதிதா என்ன? தயங்காமல் சாப்பிடுங்கள். பிரசவத்துக்குப் பின் 180 நாள் சாப்பிட வேண்டிய இரும்புச் சத்து மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். அதை அலமாரிக்குள் வைத்து அழகு பார்க்காதீர்கள்.

கமுதியில் பயிற்சியைத் தொடங்குகிறவர்கள் வெயிலை மறக்கக் கூடாது. 2016ல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையத்தை இங்கே கொண்டுவந்து வைத்தார்களே, காரணம் இல்லாமலா? விடியற்காலை ஐந்தரைக்குள் கிளம்பி, வெயில் ஏறுமுன் வீடு வந்துவிட வேண்டும். குண்டாற்று மணல் மெத்தென்று ஆசை காட்டும். ஆனால் மணலில் கால் புரளும், பிரசவத்தில் தளர்ந்த மூட்டுக்கு ஆகாது. பள்ளி மைதானம் போன்ற கெட்டித் தரை உத்தமம். சாலையில் ஓடினால் வண்டிகளைப் பார்த்தபடி எதிர்ப்பக்கமாகவே ஓடுங்கள்.

திடீரென்று உதிரம் போனாலோ, கெண்டைக்கால் ஒன்று மட்டும் வீங்கி வலித்தாலோ, மார்பு சிவந்து ஜுரம் கண்டாலோ ஓட்டத்தை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் காரணமில்லாமல் அழுகை அழுகையாய் வந்தாலும் அப்படித்தான். ஓடினால் சரியாகிவிடும் என்று விட்டுவிடாதீர்கள். அதற்கும் வைத்தியம் இருக்கிறது.

யார் குழந்தையை வைத்துக்கொள்வது?

இவ்வளவு சொன்ன பிறகு, உண்மையான சிக்கல் ஒன்று பாக்கி இருக்கிறது. கமுதியில் தாய்வீட்டில் இருக்கிறவரை குழந்தையை எடுக்க ஆறு கைகள் நீளும். அப்போது உடம்பு ஓடத் தயாராக இல்லை. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ சீர்வரிசையோடு சென்னைக்கோ மதுரைக்கோ கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். இப்போது உடம்பு தயார். ஆனால் குழந்தையை வைத்துக்கொள்ள ஆளில்லை! பல பெண்களின் ஓட்டம் கால் வலியால் நிற்பதில்லை, இந்த இடத்தில்தான் நின்றுபோகிறது.

பதக்கம் வாங்கிய தாய்மார்களின் பின்னால் குழந்தையை ஏந்திய கைகள் இருந்தன. ஃபானியின் கணவரே அவருக்குப் பயிற்சியாளர். உஷா மறுபடி களத்துக்கு வந்ததற்குக் கணவர் சீனிவாசன் தந்த ஊக்கம் ஊரறிந்தது. அந்தக் கை உங்கள் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் கேட்காமல் நீளாது.

எனவே சகோதரிகளே, ஓட்டத்துக்கு இரண்டு பயிற்சிகள் உண்டு. முதலாவது காத்திருப்பது, அது உங்கள் உடம்புக்குச் செய்கிற மரியாதை. இரண்டாவது கேட்டு வாங்குவது. அது உங்களுக்கு நீங்களே செய்துகொள்கிற மரியாதை. “முடிந்தால் கொஞ்சம் பார்த்துக்கொள்கிறீர்களா?” என்று இழுத்துப் பேசாதீர்கள். “திங்கள், வியாழன், ஞாயிறு காலை ஐந்தரையிலிருந்து ஆறரை வரை குழந்தை உங்கள் பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமை நேரம் போகப் போகக் கூடும்” என்று நாளும் மணியும் சொல்லிக் கேளுங்கள். அப்பாவிடம் இருக்கிற குழந்தை முதல் வாரம் அழும், இரண்டாம் வாரம் பார்க்கும், மூன்றாம் வாரம் சிரிக்கும்.

பந்தயத்தில் உங்களை முந்திக்கொண்டு ஆயிரம் பேர் போகட்டும். மூன்று மணி நேரம் ஆனால் ஆகட்டும். அன்றைக்குக் கோட்டைத் தாண்டும்போது, தாகத்துக்குத் தண்ணீர் குடித்துவிட்டு, குழந்தை எங்கே என்று தேடுங்கள். அது யார் இடுப்பில் இருக்கிறதோ, அவருக்கும் அந்தப் பதக்கத்தில் பாதி.